டச்சு பர்கர் யூனியனில் சேர குடும்ப பைபிள் போதுமா?

கேள்வி: என் கணவர் கொழும்புப் பறங்கியர் (பர்கர்). அவர்களுடைய முன்னோர் ஒருவர் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) காலத்தில் சிப்பாயாக இலங்கைக்கு வந்தவர் என்று மாமியார் சொல்வார். மகனை டச்சு பர்கர் யூனியனில் சேர்க்க ஆசை. கையில் இருப்பது பழைய குடும்ப பைபிள் ஒன்றுதான். போதுமா?

பதில்: தொடங்குவதற்குப் போதும், முடிப்பதற்குப் போதாது.

டச்சு வழிப் பறங்கியரின் சங்கமான இந்த யூனியனை 1908இல் தொடங்கிய ஆர். ஜி. அந்தோனிஸ் அரசு ஆவணக் காப்பாளராக இருந்தவர். பத்திரம் பார்த்தே பழகிய அவர் தொடங்கிய சங்கத்தில் வீட்டுக் கதை மட்டும் செல்லாது. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கீழ் இலங்கையில் இருந்த ஐரோப்பியரின் நேர் ஆண்வழி வாரிசு என்பதே தொடக்ககால விதி. உங்கள் மகனுக்கு அது அப்பா வழி, அதனால் இடிக்காது. இன்றைய விதியைப் படிவம் வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

பைபிளில் முதலில் அச்சான ஆண்டைப் பாருங்கள். 1850இல் அச்சான பைபிளில் 1790ஆம் ஆண்டுப் பிறப்பு எழுதியிருந்தால், யாரோ பின்னால் நினைவிலிருந்து எழுதியது என்று பொருள். ஒரே மையில், ஒரே கையெழுத்தில் மூன்று தலைமுறை இருந்தாலும் அப்படித்தான். பிறக்கப் பிறக்க எழுதிய வரிகளுக்கே மதிப்பு அதிகம்.

அப்புறம், சிப்பாயிலிருந்து கீழே இறங்காதீர்கள், மகனிடமிருந்து மேலே ஏறுங்கள். பழைய பட்டியலில் குடும்பப் பெயரைக் கண்டதும் 'இவர்தான்' என்று முடிச்சுப் போட்டுவிடுகிறார்கள். தாத்தா பெயரையே பேரனுக்கும் வைத்த குடும்பங்களில் இரண்டு பேர் ஒருவராகிவிடுவது இப்படித்தான். ஒவ்வொரு படிக்கும் பிறப்பு, திருமணம், இறப்பு என்று ஏதாவது ஒரு தாளாவது தேவை. இன்றிலிருந்து பின்னோக்கி 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை அரசுப் பதிவுகள் உதவும். அதற்கு முன்னே தேவாலயப் பதிவேடுகள்தான். கொழும்பில் 1757இல் திறந்த வொல்வெண்டால் தேவாலயத்தில் விசாரியுங்கள். ஒல்லாந்தர் ஆவணங்கள் கொழும்பு 7இல் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. தோம்பு என்னும் ஒல்லாந்தர் காலப் பதிவேட்டைப் பார்க்கலாமே என்பார்கள். அது பெரும்பாலும் உள்ளூர்க் குடிகளையும் நிலத்தையும் பற்றியது, சிப்பாயைத் தேட முதலில் அங்கே போக வேண்டாம்.

யூனியனின் பழைய இதழ்களில் நிறையக் குடும்பங்களின் வம்சாவளி அச்சாகியிருக்கிறது. உங்கள் குடும்பம் இருந்தால் பாதி வேலை மிச்சம். ஆனாலும் அதை வழிகாட்டியாகத்தான் எடுக்க வேண்டும், பிழைகள் உண்டு.

சிப்பாய் 18ஆம் நூற்றாண்டில் வந்தவர் என்றால், நெதர்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தில் கம்பெனிக் கப்பல்களின் சம்பளப் பேரேடுகள் இருக்கின்றன. அவற்றின் பெயர்ப் பட்டியலை இணையத்தில் இலவசமாகத் தேடலாம். கப்பல், பதவி, சொந்த ஊர் எல்லாம் இருக்கும். ஊர் ஜெர்மனியில் இருந்தால் பதற வேண்டாம், கம்பெனிச் சிப்பாய்களில் ஜெர்மானியர் ஏராளம். எழுத்தரின் காதில் விழுந்தபடிதான் பெயர் ஏறியிருக்கும், எழுத்துகளை மாற்றி மாற்றித் தேடுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால், இந்த வாரமே மாமியாருடன் உட்காருங்கள். ஆண்களின் பெயரை எல்லோரும் கேட்பார்கள். நீங்கள் பெண்களின் பிறந்த வீட்டுப் பெயரைக் கேளுங்கள். ஒரே பெயரில் இரண்டு ஆண்கள் வந்தால், எவர் உங்களவர் என்று மனைவியின் பெயர்தான் சொல்லும்.