பிள்ளைகளுக்குப் பல் க்ளிப்: எந்த வகை, எந்த வயதில், பணத்துக்கு என்ன வழி?

கோடை விடுமுறை நெருங்கினாலே க்ளிப் பற்றிய கேள்விகள் குவியும். இந்த முறை வந்தவற்றில் பலருக்கும் பயன்படக்கூடிய சிலவற்றை எடுத்துக்கொள்கிறேன்.

என் மகளுக்கு எட்டு வயது. மேல் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே இடைவெளி இருக்கிறது, பற்கள் விரிந்தும் நிற்கின்றன. உடனே க்ளிப் போடச் சொல்கிறார்கள். போடலாமா டாக்டர்? (மதுரை)

பெரும்பாலும் அவசரமே இல்லை அம்மா. இந்த வயதில் எலும்புக்குள் இருக்கும் கோரைப்பற்கள் கீழே இறங்கும்போது, முன்பற்களின் வேர்களை நெருக்கும். அதனால்தான் பற்கள் விரிந்து தெரிகின்றன. 11, 12 வயதில் கோரைப்பல் முளைத்து வந்ததும் சிறிய இடைவெளி தானாகவே மூடிக்கொள்ளும். இடைவெளி 2 மில்லிமீட்டரைத் தாண்டினால் ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். எலும்புக்குள் கூடுதல் பல் ஏதாவது ஒளிந்திருக்கலாம்.

ஏழு வயதில் ஒருமுறை பல் சீரமைப்பு மருத்துவரிடம் காட்டுவது நல்லது என்று அமெரிக்கப் பல் சீரமைப்பு மருத்துவர் சங்கமும் சொல்கிறது. ஆனால் காட்டுவது வேறு, க்ளிப் மாட்டுவது வேறு. கீழ்ப்பற்கள் மேல்பற்களுக்கு முன்னால் வந்து கடித்தாலோ, கடிக்கும்போது தாடை ஒரு பக்கமாக நழுவினாலோ, நிலைப்பற்கள் முளைத்த பிறகும் விரல் சூப்பும் பழக்கம் தொடர்ந்தாலோ காத்திருக்கக் கூடாது.

பையனுக்கு 13 வயது, பற்கள் நெருக்கியடித்து வளர்ந்திருக்கின்றன. உலோகம், செராமிக், செல்ஃப் லிகேட்டிங், அலைனர் என்று நான்கு விலை சொன்னார்கள். விலை கூடினால் பலனும் கூடுமா? (தாம்பரம்)

கூடாது. பல்லை நகர்த்துவது கம்பி கொடுக்கும் மெல்லிய, தொடர்ச்சியான விசை. அதை எங்கே, எவ்வளவு கொடுப்பது என்று முடிவெடுப்பது மருத்துவர். பல்லில் ஒட்டும் பிராக்கெட் எதனால் ஆனது என்பது பெரும்பாலும் தோற்றத்துக்கான கேள்விதான்.

உங்கள் பையனைப் போன்ற பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது சாதாரண உலோக க்ளிப்பைத்தான். ஸ்டீல் பிராக்கெட், நிக்கல் டைட்டானியம் கம்பி, சின்ன ரப்பர் வளையம், அவ்வளவுதான். விளையாட்டுப் பிள்ளைகள் போட்டுப் படுத்தும் பாட்டையும் தாங்கும். தனியார் கிளினிக்குகளில் சுமார் 25,000 முதல் 50,000 ரூபாய்க்குள் முடிந்துவிடும், பெருநகரங்களில் சற்றுக் கூடலாம்.

செராமிக் பல்லின் நிறத்திலேயே இருப்பதால் தள்ளி நின்று பார்த்தால் தெரியாது. ஆனால் அதைக் கட்டும் ரப்பர் வளையம் நம் வீட்டுச் சாம்பாரில் இரண்டே நாளில் மஞ்சளாகிவிடும், அடுத்த முறை போய் மாற்றும்வரை அப்படியேதான் இருக்கும். செராமிக் பல்லின் எனாமலைவிடக் கடினமானது. மேல்பற்கள் கீழ்ப்பற்களை ஆழமாக மூடிக் கடிக்கும் பிள்ளைக்குக் கீழ்வரிசையில் அதை ஒட்டினால் மேல்பற்கள் தேய்ந்துபோகும். செல்ஃப் லிகேட்டிங் என்பது ரப்பருக்குப் பதில் சின்னக் கதவு வைத்த பிராக்கெட். சிகிச்சை சீக்கிரம் முடியும் என்று சொல்லி விற்கிறார்கள். ஒப்பிட்டுச் செய்த ஆய்வுகளில் மொத்தக் காலம் குறைந்ததாகத் தெரியவில்லை. அந்தக் காரணத்துக்காக மட்டும் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள்.

அலைனர் என்பது பல்வரிசை மேல் மாட்டிக் கழற்றும் தெளிவான பிளாஸ்டிக் உறை. நல்ல சாதனம். ஆனால் நாளுக்கு 20 முதல் 22 மணி நேரம் வாயில் இருக்க வேண்டும். பள்ளியில் சாப்பிடக் கழற்றி டிஷ்யூவில் சுற்றி வைத்து, அதைக் குப்பையோடு போட்டுவிட்டு வரும் பிள்ளைகள் ஏராளம். பையன் பொறுப்பானவன் என்று நீங்கள் உறுதியாகச் சொல்ல முடிந்தால் மட்டும் யோசியுங்கள்.

எந்த வகையானாலும் பல் துலக்குவதில் கண்டிப்பாக இருங்கள். பிராக்கெட்டைச் சுற்றி அழுக்கு தங்கினால், க்ளிப்பைக் கழற்றும்போது பல் வரிசையாக இருக்கும், ஆனால் வெள்ளை வெள்ளையாகத் தழும்பு விழுந்திருக்கும். சொத்தையின் முதல் படி அது. ஃப்ளோரைடு பேஸ்ட், பற்களுக்கு இடையே நுழையும் சின்ன பிரஷ், இரண்டும் கட்டாயம். முறுக்கு, சீடை, கடலை மிட்டாய், கரும்பு எல்லாம் கொஞ்ச நாள் வேண்டாம்.

11 வயது மகளுக்கு மேல்பற்கள் தூக்கலாக இருக்கின்றன, கீழ்த்தாடை உள்ளே போயிருக்கிறது. எல்லாப் பல்லும் முளைக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்கிறார் என் மாமியார். (திருநெல்வேலி)

உங்கள் மகள் விஷயத்தில் காத்திருப்பது நஷ்டம். கீழ்த்தாடை பின்தங்கியிருந்தால், அது வேகமாக வளரும் பருவத்தைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். பெண்பிள்ளைகளுக்கு அந்தப் பருவம் பையன்களைவிட ஓரிரு வருடம் முன்னதாகவே வந்துவிடும், வயதுக்கு வந்த பிறகு வேகம் குறைய ஆரம்பிக்கும். ட்வின் பிளாக் போன்ற, கீழ்த்தாடையை முன்னால் கொண்டுவரும், கழற்றி மாட்டும் சாதனம் இந்த நேரத்தில் நன்றாக உதவும். வளர்ச்சி முடிந்த பிறகு தாடைக் குறை பெரிதாக இருந்தால் அறுவைச் சிகிச்சைவரை போக வேண்டியிருக்கும். மாமியாரையும் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். எக்ஸ்ரேயைக் காட்டி விளக்கினால் அவருக்கும் புரியும்.

க்ளிப் போட நான்கு நல்ல பற்களை எடுக்க வேண்டுமாம். கண் பார்வை போய்விடாதா? (தருமபுரி)

போகாது. பல்லின் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. தாடையில் இடம் போதாதபோது கோரைப்பல்லுக்கு அடுத்த சிறிய கடைவாய்ப்பற்களை எடுத்து இடம் உண்டாக்குவது காலங்காலமாகச் செய்யப்படும் முறை. எல்லோருக்கும் தேவைப்படாது. ஏன் எடுக்கிறார்கள் என்று அளவுகளைக் காட்டிச் சொல்லும்படி கேளுங்கள், அது உங்கள் உரிமை.

நான் பனியன் கம்பெனியில் டெய்லர். 40,000 ரூபாய் என்னால் மொத்தமாகக் கட்ட முடியாது. ஈ.எம்.ஐ. வாங்கலாமா, வேறு வழி உண்டா? (திருப்பூர்)

கடனுக்கு முன்னால் பல் மருத்துவக் கல்லூரிகளைப் பாருங்கள். சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்கு அருகே தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, சிதம்பரத்திலும் அரசுக் கல்லூரி உண்டு. ஆனால் மாதம் ஒருமுறை என்று ஒன்றரை, இரண்டு வருடம் போக வேண்டிய சிகிச்சை இது. திருப்பூரிலிருந்து சென்னைக்கு என்றால் பயணச் செலவும், போகும் நாளின் கூலியும் சேர்ந்து மிச்சத்தை விழுங்கிவிடும். கோவை, சேலம், திருச்செங்கோடு பக்கம் தனியார் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. அவற்றிலும் பொதுவாகக் கிளினிக்கைவிடக் கட்டணம் குறைவு. அங்கே சிகிச்சை செய்பவர்கள் பல் மருத்துவம் முடித்து மேற்படிப்பு படிப்பவர்கள், பேராசிரியர் மேற்பார்வை இருக்கும். பயம் வேண்டாம். அந்தப் படிப்பு மூன்று வருடம் என்பதால், முதல் வருட மாணவரிடம் தொடங்கினால் கடைசிவரை அவரே பார்க்க வாய்ப்பு அதிகம். இல்லையென்றால், அவருக்குப் பிறகு யார் பொறுப்பு என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

கிளினிக்தான் என்றால், தொடக்கத்தில் ஒரு தொகை, பாக்கியை ஒவ்வொரு முறை வரும்போதும் தருகிறேன் என்று கேளுங்கள். பல மருத்துவர்கள் சம்மதிப்பார்கள், வட்டியும் கிடையாது. நிதி நிறுவனக் கடனில் முழுப் பணமும் முதலிலேயே கிளினிக்குக்குப் போய்விடும். நடுவில் நீங்கள் ஊர் மாறினாலும், அவர்கள் கடையை மூடினாலும் தவணை நிற்காது. அமெரிக்காவில் தபாலில் அலைனர் அனுப்பி வந்த ஸ்மைல் டைரக்ட் கிளப் 2023 டிசம்பரில் மூடப்பட்டபோது, பாதி சிகிச்சையில் நின்றவர்களிடமும் தவணையைத் தொடர்ந்து கட்டச் சொன்னார்கள். 'வட்டி இல்லை' என்று சொன்னாலும் பிராசஸிங் கட்டணம் எவ்வளவு என்று கேளுங்கள்.

எக்ஸ்ரே, பல் எடுப்பது, கழன்ற பிராக்கெட்டை ஒட்டுவது, கடைசியில் பல் பழைய இடத்துக்குத் திரும்பாமல் இருக்கத் தரும் ரிட்டெய்னர் எல்லாம் சொன்ன தொகைக்குள் அடங்குமா என்று எழுதி வாங்குங்கள். சண்டை வருவது பெரும்பாலும் இங்கேதான்.

மெடிக்கல் இன்ஷூரன்ஸில் க்ளிப் செலவு கிடைக்குமா? (ஓசூர்)

வழக்கமான பாலிசிகளில் கிடைக்காது. விபத்தில் அடிபட்டால் தவிர, பல் சிகிச்சையை அவை விலக்கியே வைத்திருக்கின்றன. கம்பெனி பாலிசியில் வெளிநோயாளி செலவுக்கு இடம் இருந்தால் பல்லும் அதில் சேருமா என்று ஹெச்.ஆரிடம் கேளுங்கள். பிள்ளைக்கு உதட்டுப் பிளவோ அண்ணப் பிளவோ இருந்தால் நிலைமை வேறு. இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு உதவும் ஸ்மைல் டிரெய்ன் தொண்டு அமைப்போடு சேர்ந்து இயங்கும் மருத்துவமனைகளில் பிளவு அறுவைச் சிகிச்சை இலவசம். பல் சீரமைப்புக்கும் அங்கே விசாரியுங்கள்.

க்ளிப் கழற்றி ஆறு மாதம் ஆகிறது. ரிட்டெய்னரை மகன் தொலைத்துவிட்டான், பல் லேசாகத் திரும்புகிறது. மறுபடியும் முழுப் பணமா? (நாகர்கோவில்)

இப்போதே போனால் தேவைப்படாது. நகர்த்திய பல்லைச் சுற்றியுள்ள நார்கள் அதைப் பழைய இடத்துக்கே இழுக்கும், முதல் வருடத்தில் இது அதிகம். திரும்பல் லேசாக இருக்கும்போது புதிய ரிட்டெய்னரோ சில மாதச் சிறு சிகிச்சையோ போதும். இன்னும் ஒரு வருடம் விட்டுவிட்டால் மறுபடியும் க்ளிப்தான். பற்களின் உட்புறம் ஒட்டிவிடும் மெல்லிய கம்பி ரிட்டெய்னரும் உண்டு, தொலைக்கும் பிள்ளைகளுக்கு நான் அதையே சொல்வேன். புதிதாகச் செய்யும்போது பல்வரிசையின் அச்சை வாங்கி வீட்டில் பத்திரப்படுத்துங்கள். பல் நகராதவரை, அடுத்த முறை அதை வைத்தே செய்துகொள்ளலாம்.