ஐந்து யார்டு பாஸ் – கடிதம்

அன்புள்ள சார்,

எம்.எஸ். படிக்க அமெரிக்கா வந்து இது இரண்டாவது வருடம். ரூம்மேட் இழுத்துப்போய்த்தான் எங்கள் கல்லூரி அணியின் அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டங்களைப் பார்க்கத் தொடங்கினேன். இப்போது ஒரு சனிக்கிழமைகூட விடுவதில்லை. இந்த வருடம் புதுக் கோச். பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடியே பழகிய அணியை ஒரேயடியாக, பந்தை வீசியே ஆடும் பாஸிங் அணியாக மாற்றிவிட்டார். முதல் ஆட்டத்தில் எதிரணியைத் துவைத்து எடுத்தார்கள். அதன்பின் வரிசையாக நான்கு தோல்வி. பந்தை வீசவேண்டிய குவார்ட்டர்பேக் பந்தோடு மரம் மாதிரி நிற்கிறான், கடைசியில் பக்கத்தில் இருப்பவனுக்கு ஐந்து யார்டு தட்டிவிடுகிறான். ‘சிஸ்டம் பழக இரண்டு வருடம் ஆகும்’ என்கிறார்கள். இது வெறும் சாக்கு இல்லையா? இருக்கிற ஆட்களுக்கு ஏற்றபடி கோச்தானே மாறவேண்டும்? இவ்வளவு கோடி சம்பளம் எதற்கு?

க.

அன்புள்ள க.,

சம்பளத்தை விடுங்கள். மைதானத்தில் நடக்கும் எதையும் அது விளக்காது. முதல் ஆட்டத்தில் துவைத்தார்கள், பிறகு வரிசையாகத் தோற்றார்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில்தான் நின்றுவிட்டேன். 2020ல் மிசிசிப்பி ஸ்டேட் பல்கலைக்கழக அணிக்கு நடந்ததும் இதுதான். கொஞ்ச நாளாகவே மனதில் ஓடிக்கொண்டிருந்த விஷயம்.

மைக் லீச் அந்த வருடம் ஜனவரியில் அங்கே கோச்சாக வந்தார். அவர் கொண்டுவந்தது ஏர் ரெய்டு, பெரும்பாலும் பந்தை வீசியே ஆடுவது. ஹால் மம்மி என்ற கோச்சும் அவரும் 1989ல் அயோவா வெஸ்லியன் என்ற சின்னக் கல்லூரியில் சேர்ந்து உருவாக்கத் தொடங்கிய முறை. செப்டம்பர் 26, முதல் ஆட்டம். முந்தைய சீசனின் தேசிய சாம்பியனான எல்.எஸ்.யூ.வை (லூசியானா ஸ்டேட்) அவர்கள் மைதானத்திலேயே 44-34 என்று சாய்த்தார்கள். ஸ்டான்ஃபோர்டிலிருந்து வந்திருந்த குவார்ட்டர்பேக் கே.ஜே. காஸ்டெல்லோ 60 முறை வீசி 623 யார்டு எடுத்தார். அவர்கள் ஆடும் எஸ்.இ.சி. என்ற கல்லூரிக் கூட்டமைப்பில் அது சாதனை. அடுத்த சனிக்கிழமை ஆர்கன்சாவிடம் 21-14 தோல்வி, மூன்று இன்டர்செப்ஷன் (வீசிய பந்தை எதிராளி பிடித்துவிடுவது). அதற்கடுத்த வாரம் கென்டக்கியிடம் 24-2 தோல்வி, ஆறு இன்டர்செப்ஷன். அந்த இரண்டு புள்ளியும், எதிரணி தன் கோல் எல்லைக்குள் சிக்கினால் கிடைக்கும் சேஃப்டியில் வந்தவை. பந்தோடு ஆடும் அஃபென்ஸ் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை.

ஒரு வாரத்தில் ஆட்டம் மறந்தா போகும்? எல்.எஸ்.யூ. ஆளுக்கு ஆள் காவல் போட்டது. அப்படிப் போட்டால் பந்தைப் பிடிக்கும் ரிசீவர் யோசிக்க எதுவுமில்லை, ஓடித் தப்பித்தால் போதும். ஆர்கன்சா மூன்று பேரை மட்டும் குவார்ட்டர்பேக் மேல் அனுப்பிவிட்டு எட்டுப் பேரைப் பின்னால் நிறுத்தியது. எண்ணிப் பாருங்கள். முன்வரிசையில் நின்று தடுக்கும் ஐந்து லைன்மேன், ஒரு குவார்ட்டர்பேக் போக, பந்து வாங்க ஓடக்கூடியவர்கள் ஐந்தே பேர். ஐந்து பேருக்கு எட்டுப் பேர் காவல். குவார்ட்டர்பேக்குக்கு நேரம் நிறையக் கிடைக்கும், பந்து போகச் சந்துதான் கிடைக்காது. நேரம் இருக்கிறதே என்று காத்திருந்து காத்திருந்து, பொறுமை போய் 20 யார்டு தள்ளி வீசுவான். அங்கே இரண்டு பேர் அதற்காகவே நிற்பார்கள்.

இதற்கு மாற்று அந்த முறைக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் அது நோட்டில் எழுதிவைத்துப் படிக்கிற விஷயம் இல்லை. மெஷ் என்ற ஒரே ஒரு பிளேயை எடுத்துக்கொள்வோம். இரு பக்கத்திலிருந்தும் இரண்டு ரிசீவர்கள் குறுக்கே ஓடி, பந்து கிளம்பிய கோட்டுக்கு ஆறு யார்டு அப்பால் ஒருவரையொருவர் கடக்கிறார்கள். ஆழத்தை ஒருவன் நிர்ணயிப்பான், மற்றவன் அவனுக்குச் சற்றுக் கீழே வருவான், கையோடு கை தட்டிக்கொள்ளும் நெருக்கத்தில். ஒரு யார்டு இடைவெளி விட்டால்கூட நடுவில் காவல்காரன் புகுந்துவிடுவான். இதுவரை வரைபடம். கடந்தபின் என்ன செய்வது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. காவல் ஆளுக்கு ஆள் என்றால் நிற்காமல் ஓடவேண்டும். ஆளை விட்டு இடத்தைக் காக்கிறார்கள் என்றால், இரண்டு பேருக்கு நடுவிலுள்ள வெற்றிடத்தில் சட்டென்று நின்று குவார்ட்டர்பேக்கைப் பார்த்துத் திரும்பவேண்டும். ஓடுவதா நிற்பதா என்பதை ரிசீவர் ஓடும்போதே முடிவு செய்கிறான். அதே நொடியில் குவார்ட்டர்பேக்கும் அதையே முடிவு செய்தாகவேண்டும். நிற்பான் என்று இவன் வீச, அவன் ஓடிக்கொண்டிருந்தால் பந்து முதுகுக்குப் பின்னால் போகும். ஓடுவான் என்று முன்னால் வீச, அவன் நின்றுவிட்டால் பந்து நேரே எதிராளியின் நெஞ்சுக்குப் போகும். வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு இரண்டுமே ‘குவார்ட்டர்பேக் சொதப்பிட்டான்’.

இதைப் பழக்க ஏர் ரெய்டு அணிகள் தினமும் செய்கிற பயிற்சி பார்க்க அற்பமாக இருக்கும். இரண்டு கூம்புகளைச் சில யார்டு இடைவெளியில் வைப்பார்கள். அவைதான் காவல்காரர்கள். ரிசீவர் பக்கவாட்டில் நகர்ந்துவந்து நடுவில் நிற்பான், தோள் இரண்டும் குவார்ட்டர்பேக்கைப் பார்த்திருக்க, இரு கையையும் சேர்த்து நெஞ்சுக்கு முன்னால் ஒரு வளையம் போலப் பிடித்துக்கொண்டு. பந்து அந்த வளையத்தின் நட்டநடுவில் வரக்கூடாது. எந்தக் கூம்பு பக்கத்தில் இருக்கிறதோ அதற்கு எதிர்த் தோளுக்கு வரவேண்டும். வலது தோளுக்கு வந்தால் ‘இடப்பக்கம் ஆள் இருக்கிறான், வலப்பக்கம் திரும்பி ஓடு’ என்று அர்த்தம். வீச்சே சேதி சொல்கிறது. இது ஆயிரக்கணக்கான முறை திரும்பத் திரும்பச் செய்துதான் கைக்கு வரும். 2020ல் கோவிட் காரணமாக லீச்சுக்கு வசந்தகாலப் பயிற்சி ஒரு நாள்கூடக் கிடைக்கவில்லை. வழக்கமாக அது 15 நாள். சீசனிலும் முழுக்க எஸ்.இ.சி. அணிகளோடு 10 ஆட்டம். தப்பு செய்து கற்றுக்கொள்ள எளிய எதிரணி ஒன்றுகூட இல்லை.

லைன்மேன் சமாசாரம் தனியாக ஒரு கட்டுரைக்கு ஆகும். சுருக்கமாக: வழக்கமாக இரண்டடி இடைவெளியில் நிற்பவர்களை இந்த முறையில் மூன்றடியும் அதற்கு மேலும் விலக்கி நிறுத்துவார்கள். எதிரணியின் ஓரத்து ஆள் குவார்ட்டர்பேக்கை எட்ட அவ்வளவு தூரம் கூடுதல். ஆனால் உள்பக்கச் சந்தை முதலில் அடைக்கவேண்டும் என்ற பழக்கம் காலில் ஏறாதவரை அந்த இடைவெளியே வாசலாகிவிடும். வருடக்கணக்காக முன்னால் சாய்ந்து முட்டித்தள்ளியவனைப் பின்னால் நகர்ந்து தாங்கச் சொல்கிறீர்கள். எடையை எந்தக் காலில் வைப்பது என்பதிலிருந்து மாறவேண்டும்.

இப்போது அந்த ஐந்து யார்டு பாஸ். உங்கள் மேல் எனக்குக் கோபம் வந்தது இங்கேதான். பத்தொன்பது இருபது வயதுப் பையன். எட்டுப் பேர் பின்னால் நிற்பதைப் பார்க்கிறான், தூரத்தில் யாரும் காலியாக இல்லை என்பதைப் பார்க்கிறான், ஆசையை அடக்கிக்கொண்டு பக்கத்திலிருக்கும், பந்தோடு ஓடும் ரன்னிங் பேக்கிடம் கொடுக்கிறான். அதை மரம் என்பீர்களா? உங்கள் அணியில் பாடம் ஏறியிருப்பது அந்த ஒரு இடத்தில்தான். அங்கே பார்த்துத்தான் கூட்டத்தோடு சேர்ந்து நீங்களும் ஊளையிடுகிறீர்கள்!

எண்களைப் பாருங்கள். எல்.எஸ்.யூ. ஆட்டத்தில் காஸ்டெல்லோ ஒரு வீச்சுக்குப் பத்து யார்டுக்கு மேல். எல்லோரும் அதைத்தான் ஏர் ரெய்டு என்று நம்பினார்கள், காஸ்டெல்லோ உட்பட என்றே நினைக்கிறேன். அவர் இடத்துக்கு வந்த முதலாண்டுப் பையன் வில் ராஜர்ஸ் அதே நவம்பரில் ஜார்ஜியாவோடு 52க்கு 41 பிடிக்கவைத்தார். மொத்தம் 336 யார்டு. 31-24 தோல்விதான். எனக்கு அணி அந்த முறைக்குள் வந்து சேர்ந்த நாள் அது. 2021ல் அவர் 683 முறை வீசினார், 505 பிடிபட்டன, 4,739 யார்டு. ஒரு வீச்சுக்கு ஏழு யார்டுகூட இல்லை. இன்டர்செப்ஷன் சீசன் முழுக்க ஒன்பதுதான். முந்தைய வருடம் இரண்டே ஆட்டத்தில் போனது அத்தனை. அதே சீசனில் ஆபர்னோடு 28-3 என்று பின்தங்கியிருந்தவர்கள், கொஞ்சம்கொஞ்சமாகத் தட்டித்தட்டியே 43-34 என்று வென்றார்கள்.

ஆட்களுக்கு ஏற்ப மாறுவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஓரளவு மாறலாம். பாதி அது, பாதி இது என்று ஆடினால் பயிற்சி நேரமும் பாதிப்பாதியாகும், இரண்டுமே வராது. சிலருக்கு இடம் இல்லாமல் போவது உண்மை. ஓடி ஆடுவதில் கெட்டிக்காரரான காரெட் ஷ்ரேடர் மிசிசிப்பி ஸ்டேட்டிலிருந்து சிரக்யூஸ் போய், 2021ல் ஓடியே 14 டச் டவுன் போட்டார். அவரிடம் குறை இல்லை, முறையிலும் குறை இல்லை. எல்லா அணிக்கும் இரண்டு வருடம் ஆகும் என்றும் சொல்லமாட்டேன். வாஷிங்டன் ஸ்டேட்டில் லீச்சுக்கு வெற்றி-தோல்வி 3-9, 6-7, 3-9 என்று மூன்று வருடம் போய் நான்காவது வருடம்தான் 9-4 வந்தது.

இந்தச் சனிக்கிழமை பந்தைப் பார்க்காதீர்கள். ஸ்நாப் ஆனதும், அதாவது பந்து குவார்ட்டர்பேக் கைக்கு வந்ததும், எத்தனை பேர் குவார்ட்டர்பேக் மேல் பாய்கிறார்கள் என்று எண்ணுங்கள். மூன்று என்றால் உடனே குறுக்கே ஓடும் ரிசீவரைப் பாருங்கள். அவன் நிற்கிறானா, நிற்கும்போது பந்து ஏற்கெனவே கையை விட்டுக் கிளம்பியிருக்கிறதா? நான்காம் கால்பகுதி முடிவதற்குள் எத்தனை முறை அப்படி நடந்தது என்று குறித்து எனக்கு எழுதுங்கள். ஸ்கோர் வேண்டாம்.