பேஸ்மென்ட்டில் ரேடான்: வாங்க வந்தவரிடம் என்ன சொல்வது?

கேள்வி: நியூ ஜெர்சியில் இரண்டு வருடங்களாக வீட்டு விற்பனை முகவராக இருக்கிறேன். நான் விற்றுக் கொடுக்கும் வீட்டில், வாங்க வந்தவர்கள் ரேடான் என்ற கதிரியக்க வாயுவுக்காக வைத்த சோதனையில் லிட்டருக்கு 6.8 பிகோகியூரி (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) என்று வந்திருக்கிறது. கைக்குழந்தையுள்ள தம்பதி, மிரண்டுபோனார்கள். “ஜன்னலைத் திறந்து வைத்தால் போய்விடும்” என்று சமாதானம் சொன்னேன், நம்பவில்லை. வீட்டுக்காரரோ, “இவர்கள் போனால் போகட்டும், அடுத்து வருபவர்களிடம் வாயைத் திறக்காதே” என்கிறார். அவர் எனக்கு மாமா முறை. என்ன செய்வது?
– ஒரு வாசகி

பதில்: முதலில் அந்த ஜன்னல் பேச்சை விடுங்கள். திறந்தால் குறையும், உண்மைதான். மூடிய சில மணி நேரத்தில் பழைய அளவுக்கே வந்துவிடும். ஜனவரிக் குளிரில் யார் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்? “ஒன்றும் ஆகாது” என்ற சொல் உங்கள் வாயில் வரவே கூடாது. நாளைக்கு வழக்கு என்று வந்தால் அந்த ஒரு சொல்லைத்தான் பிடித்துக்கொள்வார்கள். பயமுறுத்துவதும் உங்கள் வேலையில்லை. சோதனை அறிக்கையையும், வீடு வாங்குவோருக்காக அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வெளியிட்டிருக்கும் ரேடான் கையேட்டையும் கையில் கொடுத்துவிட்டு, அவர்கள் கேட்பதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

என்ன கேட்பார்கள்? எங்கிருந்து வருகிறது என்பார்கள். மண்ணிலும் பாறையிலும் உள்ள யுரேனியம் சிதைந்து உண்டாகும் வாயு. நிறமும் மணமும் கிடையாது. தரை விரிசல் வழியாகவும், பேஸ்மென்ட்டில் நீர் சேரும் சம்ப் குழி வழியாகவும் உள்ளே ஏறுகிறது. 6.8 அதிகமா என்பார்கள். அதிகம்தான். 4 அல்லது அதற்கு மேல் இருந்தால் சரிசெய்யச் சொல்கிறது அந்த முகமை; 2-க்கும் 4-க்கும் இடையில் இருந்தாலே யோசிக்கச் சொல்கிறது. அமெரிக்காவில் நுரையீரல் புற்றுநோய்க்குப் புகைபிடித்தலுக்கு அடுத்த காரணம் ரேடான் என்பதையும் மறைக்க வேண்டாம்.

கூடவே ஸ்டான்லி வாட்ரஸ் கதையைச் சொல்லுங்கள். 1984-இல் பென்சில்வேனியாவின் லிமெரிக் அணுமின் நிலையத்தில் வேலை பார்த்தவர் அவர். கதிர்வீச்சு மானி அவரைக் கண்டாலே அலறியது. உள்ளே போகும்போதே அலறியதுதான் வேடிக்கை. ஆராய்ந்ததில், கதிர்வீச்சு அவருடைய வீட்டில் சேர்ந்த ரேடானிலிருந்து வந்திருந்தது. அளவு ஏறக்குறைய 2,700! அந்த வீட்டையே சரிசெய்து குடும்பம் திரும்பக் குடிபோனது. 6.8 எம்மாத்திரம்?

சரிசெய்வது பெரிய வித்தையில்லை. தரையில் துளையிட்டு பிவிசி குழாய் இறக்கி, மின்விசிறி வைத்து, கீழே சேரும் வாயுவைக் கூரைக்கு மேலே வெளியேற்றுகிறார்கள். பெரும்பாலான வீடுகளில் ஓரிரண்டாயிரம் டாலரில் முடிகிற வேலை; மாநில அரசின் சான்றிதழ் பெற்றவர்தான் செய்ய வேண்டும். மாமா செய்து தருவதா, விலையில் கழிப்பதா? கழிப்பதுதான் என் கட்சி. விற்றுவிட்டுப் போகிறவர் மலிவான ஆளைப் பிடிப்பார். வெள்ளைக் குழாய் வாசற்கதவை ஒட்டி ஏறி நிற்கும். வாழப்போகிறவர்களே ஆளைத் தேர்ந்தெடுக்கட்டும். செலவு மதிப்பீட்டை மட்டும் ஒப்பந்தத்தை முடிப்பதற்கு முன்பே வாங்கிவிடுங்கள்.

மாமா விஷயத்துக்கு வருவோம். நியூ ஜெர்சிச் சட்டப்படி, சோதனை முடிவை ரகசியமாக வைக்கச் சொல்ல உரிமையாளருக்கு உரிமை உண்டு. ஆனால் விற்பனை ஒப்பந்தம் கையெழுத்தாகும் வரைதான். அப்போது முடிவின் நகலை வாங்குபவரிடம் கொடுத்தே ஆக வேண்டும். இவர்களை விரட்டினாலும் அடுத்தவர் கைக்கு அந்த 6.8 போகத்தான் போகிறது. இதை அவரிடம் போனில் சொல்லாதீர்கள். மின்னஞ்சலில் எழுதி, நீங்கள் யாருக்குக் கீழே வேலை பார்க்கிறீர்களோ அந்தப் புரோக்கருக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். அடுத்த கல்யாண வீட்டில் மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டால் திருப்பிக்கொள்ளட்டும்.

அடுத்த வீட்டை விற்பனைக்குப் போடுவதற்கு முன்பே சோதித்துவிடச் சொல்லுங்கள். குறைந்தது 48 மணி நேரம். அதற்கு 12 மணி நேரம் முன்பிருந்தே கதவு ஜன்னல்கள் மூடியிருக்க வேண்டும். “காற்றோட்டமாக இருக்கட்டும்” என்று யாராவது நடுவில் பேஸ்மென்ட் ஜன்னலைத் திறந்தால், மணிக்கொருமுறை பதியும் கருவி அந்தச் சரிவை அப்படியே காட்டிக் கொடுத்துவிடும்.

ஏற்கெனவே குழாய் போட்ட வீடு என்றால், அதில் மாட்டியிருக்கும் யு வடிவக் குழலை வாங்குபவருக்குக் காட்டுங்கள். உள்ளே இருக்கும் நிறத் திரவம் ஒரு பக்கம் ஏறியும் மறுபக்கம் இறங்கியும் நின்றால் மின்விசிறி இழுக்கிறது. இரண்டு பக்கமும் சமமாக நின்றால் விசிறி நின்றுவிட்டது என்று பொருள். அன்றே ஆளைக் கூப்பிடுங்கள்.