மச்சான் லேப்டாப் பறக்கிறது, என்னுடையது ஊர்கிறது: விண்டோஸ் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்: "அவருக்கு நல்லா ஓடுது, எனக்கு மட்டும் ஏன் இப்படி?"

மண்டபம் வாசகர்: ஆறு வருஷத்துக்கு முன் நானும் மச்சானும் ஒரே கடையில், ஒரே கம்பெனி லேப்டாப் வாங்கினோம். விலையில் கொஞ்சம்தான் வித்தியாசம். இரண்டிலும் விண்டோஸ் 10. அவருடையது பொத்தானை அமுக்கியதும் எழுகிறது. என்னுடையது எழுவதற்குள் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். எனக்குக் கள்ள விண்டோஸ் போட்டுவிட்டார்களா?

கடைக்காரரைத் திட்டாதீர்கள். அந்த விலை வித்தியாசத்தில்தான் விஷயம் இருக்கிறது. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமுக்கினால் டாஸ்க் மேனேஜர் வரும். பெர்ஃபாமன்ஸ் பக்கத்தில் டிஸ்க் என்ற இடத்தைப் பாருங்கள். உங்களுடையதில் எச்டிடி (ஹார்ட் டிஸ்க்), அவருடையதில் எஸ்எஸ்டி (சிப்பில் சேமிப்பது) என்றிருக்கும். பந்தயம் கட்டத் தயார். லேப்டாப் ஹார்ட் டிஸ்க் என்பது பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றும் தட்டு. அதன்மேல் ஒரு முள் அங்குமிங்கும் ஓடித் தேட வேண்டும். விண்டோஸ் 10 எழும்போதே அப்டேட், வைரஸ் சோதனை, ஃபைல்களைப் பட்டியல் போடுவது என்று பத்து வேலைகள் அந்த ஒற்றை முள்ளைப் பிடித்து இழுக்கும். டிஸ்க் 100 சதவீதத்தில் முட்டி நிற்பது அதனால்தான். எஸ்எஸ்டியில் சுற்றுகிற பாகமே கிடையாது. 256 ஜிபியில் ஒன்று மாட்டுங்கள். ரேமை (தற்காலிக நினைவகத்தை) ஏற்றச் சொல்வார்கள், அது அப்புறம்.

தொண்டி: தினமும் ஷட் டவுன் செய்கிறேன். டாஸ்க் மேனேஜரோ 11 நாளாக ஓடுவதாகக் காட்டுகிறது.

பொய்யில்லை. விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒன்று உண்டு. ஷட் டவுன் கொடுத்தால் விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலை டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டுப் படுக்கும். மறுநாள் அதையே எடுத்துக்கொண்டு எழும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் புதிதாகத் தொடங்கும். பிரிண்டர் அடம்பிடிக்கிற அன்று அதைச் செய்யுங்கள்.

பாம்பன்: கடலைப் பார்த்த கடை. மதுரையில் அண்ணனுக்கு விண்டோஸ் 11 நன்றாக ஓடுகிறது. எனக்கு மதியமானால் திணறுகிறது, திடீரென்று நீலத் திரை வந்து நின்றுவிடுகிறது. மூன்று முறை விண்டோஸ் புதிதாகப் போட்டாயிற்று.

நான்காவது முறை போடாதீர்கள். எனக்கென்னவோ விண்டோஸை விட உப்புக்காற்றின் மேல்தான் சந்தேகம். உப்பு ஈரத்தை இழுக்கும். ஈரமான உப்பு மின்சாரத்தைக் கடத்தும். யுஎஸ்பி வாய் பச்சை பிடிக்கும், ரேமின் கால்கள் கறுக்கும். ஃபேனில் தூசி உப்போடு சேர்ந்து அடையாக அப்பிக்கொள்ளும். சூடு ஏறினால் பிராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். உங்கள் மதியத் திணறல் அதுவாகத்தான் இருக்கும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் என் மேசைக்கு வரும் நீலத் திரைகளில் பலவற்றைப் பள்ளிக்கூட ரப்பரை வைத்தே சரி செய்திருக்கிறேன். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ரேமைக் கழற்றி, அதன் கால்களை மெதுவாகத் தேய்த்து, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து மாட்டுங்கள். ஃபேனையும் சுத்தம் செய்யுங்கள். இரவில் சூடு ஆறிய பிறகு பருத்தித் துணி போட்டு மூடுங்கள். பாலித்தீன் உறை வேண்டாம், ஈரம் உள்ளேயே தங்கிவிடும்.

கீழக்கரை: துபாயிலிருந்து வந்த லேப்டாப். தட்டச்சு செய்யும்போது வரி திடீரென்று வலது பக்கம் ஓடிவிடுகிறது.

அரபு விசைப்பலகையும் கூடவே வந்திருக்கிறது. கண்ட்ரோலோடு வலது ஷிஃப்டை அமுக்கினால் வரி வலமிருந்து இடமாகும். இடது ஷிஃப்டை அமுக்கினால் திரும்பும். அரபு தேவையில்லை என்றால் மொழி அமைப்பில் நீக்கிவிடுங்கள்.

தேவிபட்டினம்: விண்டோஸ் 10 செத்துப்போச்சு, புதுசு வாங்கு என்கிறார்கள். என்னுடையது 2016 மாடல். படகு டீசல் கணக்கு எழுத மட்டும்தான்.

சாகவில்லை. 2025 அக்டோபர் 14-உடன் இலவச ஆதரவு முடிந்தது. கணினி வழக்கம்போல் ஓடும். புதிதாகத் தெரியவரும் ஓட்டைகளை அடைப்பதுதான் நின்றது. தனிநபர்கள் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் தருவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. விண்டோஸ் 11 கேட்பது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி, இன்டெல் என்றால் பொதுவாக 8-ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸர். உங்கள் 2016 மாடல் அதில் தேறாது. குறுக்கு வழியில் ஏற்றித் தருபவர்கள் இருக்கிறார்கள். என் பழைய கணினியில் செய்து பார்த்தேன், ஓடத்தான் செய்தது. ஆனால் கணக்கு இருக்கிற கணினியில் செய்ய மாட்டேன். இணையத்தைத் துண்டித்துவிட்டு அப்படியே எழுதுங்கள். வாரம் ஒரு முறை வெளி டிஸ்க்கில் காப்பி எடுத்து, அந்த டிஸ்க்கைக் கணினி இருக்கும் அறையில் வைக்காதீர்கள்.