மண் இழுத்தால் அரித்த குழாய் எவ்வளவு தாங்கும்?

கீழே வரும் கேள்விகளுக்கான கணக்குகள் எல்லாம் ஒரே குழாய்க்கு: வெளிவிட்டம் 610 மி.மீ., சுவர் 9.5 மி.மீ., எக்ஸ்52 தர எஃகு, புதைத்தது.

பிக் (குழாய்க்குள் ஓடி அரிப்பை அளக்கும் கருவி) ஓட்டியதில் 150 மி.மீ. நீளம், 4 மி.மீ. ஆழத்தில் அரிப்பு தெரிகிறது. 75 பாரில் ஓடும் லைன். அப்படியே விடலாமா?

அரித்த குழாய் எந்த உள்ளழுத்தத்தில் வெடிக்கும் என்று கணக்கிடும் திருத்திய பி31ஜி முறையில் வெடிப்பழுத்தம் சுமார் 106 பார். பாதுகாப்புக் காரணி 1.39ஆல் வகுத்தால் 76. தப்பித்தோம் என்று தோன்றும். ஆனால் காந்தப் புலத்தால் அளக்கும் பிக்கின் ஆழ அளவில் சுவர்த் தடிமனில் 10 சதவீதம் கூடக்குறைய இருப்பது சகஜம். ஆழத்தை 4.95 ஆக வைத்துப் போட்டால் 70 பார்தான் வரும். அழுத்தத்தைக் குறைத்துவிட்டுத் தோண்டி, அல்ட்ராசோனிக்கில் அளந்து பாருங்கள்.

மலைச்சரிவில் மண் நகர்கிறது. அங்கே குழாயைச் சுற்றிப் பட்டையாக அரிப்பு: அச்சுவாக்கில் 40 மி.மீ., ஆழம் 4 மி.மீ. பி31ஜி 'பாஸ்' என்கிறது. நம்பலாமா?

நம்பக் கூடாது. அந்தச் சூத்திரத்துக்கு அச்சுவாக்கிலான நீளம் மட்டுமே தெரியும். பட்டை எத்தனை டிகிரி சுற்றியிருக்கிறது என்று அது கேட்பதே இல்லை. அதனால்தான் 128 பார் வரை தாங்கும் என்கிறது. உள்ளழுத்தத்துக்கு அது சரியாகவே இருக்கலாம். மண் இழுப்பதோ நீளவாக்கில். முழுச் சுற்றும் அரித்திருந்தால் மிச்சம் 5.5 மி.மீ.; அங்கே அச்சுத் தகைவு (நீளவாக்கில் சுவரின் பரப்பளவுக்கு விழும் விசை) 1.7 மடங்கு. அந்த இடம் முதலில் விளைந்துவிடும், அதாவது திரும்பாதபடி நீளத் தொடங்கும். இருபுறமும் உள்ள முழுச்சுவர் மீள்நிலையிலேயே (இழுப்பு விட்டால் பழைய அளவுக்குத் திரும்பும் நிலை) நிற்க, நகர்வின் நீட்சி முழுதும் அந்த 40 மி.மீ.க்குள் குவியும். கிலோமீட்டர் கணக்கில் சராசரி திரிபு (நீள மாற்ற விகிதம்) பார்த்தால் இது கண்ணில் படாது.

பிக்கில் நிலைமப் பெட்டி (அசைவையும் திருப்பத்தையும் பதியும் உணரி) இருந்தால் வளைவு ஆரம் கிடைக்கும். வளைவுத் திரிபு என்பது விட்டத்தை இரு மடங்கு ஆரத்தால் வகுத்தது. 176 மீட்டர் ஆரம் என்றால் 0.17 சதவீதம், நல்ல குழாயே விளையத் தொடங்கும் எல்லை அது. பட்டை அரிப்பும் வளைவும் ஒரே இடத்தில் விழுந்தால் முடிவுறு கூறு முறையில் (குழாயைச் சிறு துண்டுகளாகப் பிரித்துக் கணினியில் போடும் கணக்கு) தனியாகக் கணக்கிட வேண்டும். பக்கத்தில் சுற்று வெல்டு இருந்தால் இன்னும் கவனம் தேவை.

கம்ப்ரஸருக்கு அடுத்த சூடான பகுதியில் என்ன மாறும்?

புதைத்த குழாய் நீள முடியாது. எனவே பதித்தபோது இருந்ததைவிட ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 2.4 மெகாபாஸ்கல் அமுக்கம் சேரும். 76 பாரில் சுற்றுத் தகைவு 244 மெகாபாஸ்கல், அதில் 0.3 பங்கு, 73, அச்சுவாக்கில் இழுதகைவாக வரும். 30 டிகிரி ஏறினால் இரண்டும் கழிந்துபோகும். 60 ஏறினால் சுமார் 71 அமுக்கம் மிஞ்சும். அச்சில் அமுக்கம் இருந்தால் சுற்றுத்திசையில் சுவர் சீக்கிரமே விளையும். இதற்குத் திருத்தம் அரித்த குழாய்களுக்கான இன்னொரு நெறிமுறையான டிஎன்வி எஃப்101இல் உண்டு, பி31ஜியில் இல்லை.

அரித்த இடத்தில் காம்போசிட் (பிசினில் தோய்த்த இழைப் பட்டை) சுற்றினால் போதுமா?

முதல் கேள்விக்காரருக்குப் போதும். இரண்டாமவருக்கு (மலைச்சரிவுக் குழாய்), இழைகள் சுற்றுவாக்கில் மட்டுமே ஓடினால் உதவாது. முனைகளை வெல்டு செய்யாத ஏ வகை ஸ்லீவும் (குழாயைச் சுற்றிப் போடும் எஃகு உறை) அப்படித்தான். அச்சுச் சுமையைத் தாங்காது. முனைகளை வெல்டு செய்த பி வகை தாங்கும். ஆனால் மண் நகர்ந்துகொண்டே இருந்தால் சுமை ஸ்லீவ் முனை வெல்டுக்கு இடம் மாறும், அவ்வளவுதான். முதலில் அழுத்தத்தை அண்மைக்கால அளவின் 80 சதவீதத்துக்கு இறக்கி, மண்ணைத் தோண்டித் திரிபைத் தளர்த்திவிட்டு ஸ்லீவைப் போடுங்கள்.