மூன்று வார அவரைக்காய்

அன்புள்ள சார்,

வணக்கம். பொங்கலை ஒட்டி நீங்கள் சிறுகிழங்கு பற்றி எழுதிய கட்டுரையைப் படித்தேன். படித்த வேகத்தில், இனி அந்தந்தப் பருவத்துக் காய்தான் நம் வீட்டில் என்று முடிவு செய்துவிட்டேன். தாம்பரம் மார்க்கெட்டில் அவரைக்காய் மலிவாகக் கிடைத்தது. கிலோ கணக்கில் வாங்கினேன். மூன்று வாரம் ஓடியது. போன வெள்ளிக்கிழமை என் மகன் (9 வயது) டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்துவிட்டு, அப்படியே மூடித் திருப்பிக் கொண்டுவந்துவிட்டான். கணவர் ஒன்றும் சொல்லவில்லை. ஊறுகாய் பாட்டிலைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டார். மாமியார் மட்டும் "நல்லாத்தானே இருக்கு" என்றார். அவருக்குப் பல் இல்லை, அன்றைக்கு அவர் சாப்பிட்டது ரசம் சாதம்.

நான் வேலை முடிந்து வீடு வந்து சேர ஆறே முக்கால் ஆகும். காலையில் எட்டு மணிக்குக் கிளம்ப வேண்டும். யூடியூபில் ‘சிம்பிள்’ என்று போடுகிற ஒரு குழம்புக்கே 17 சாமான் எண்ணினேன். இன்னொன்றும் கேட்க வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். மண்வாசனை, அம்மாவின் கைமணம் என்றெல்லாம் எழுதியிருந்தீர்கள். அந்தக் கிழங்கைச் சுத்தம் செய்தது யார் என்று எழுதவில்லை. பருவத்துக் காய்கறி என்பதெல்லாம் நேரம் இருக்கிறவர்களுக்கும், இன்னொருவர் சமைத்துப் போட உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களுக்கும் மட்டும்தானா?

கடைசியாக ஒரு சின்ன சந்தேகம். முருங்கைக்காய் விலை எப்போது இறங்கும்?

எம்.,
தாம்பரம்
(பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டிருந்தார்.)

*

அன்புள்ள எம்.,

கோபம் இல்லை, கொஞ்சம் வெட்கம்தான். அந்தக் கேள்வியிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

சுத்தம் செய்தது அம்மா. சிறுகிழங்கைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: கட்டைவிரல் தண்டிதான் இருக்கும். கறுத்த தோல், தோல் முழுக்க மண். திருநெல்வேலி, தென்காசிப் பக்கம் பொங்கலுக்கு அது வராத வீடு அபூர்வம். ஈரச் சாக்கில் கிழங்கைக் கொட்டி, சாக்கின் வாயை முறுக்கிப் பிடித்துக்கொண்டு துவைகல்லில் அடிப்பார்கள். கிழங்கு ஒன்றோடொன்று உரசி முக்கால்வாசித் தோல் கழன்றுவிடும். மிச்சத்தை ஒவ்வொன்றாகக் கத்தியால் சுரண்டித் தண்ணீரில் போட வேண்டும். 2 கிலோ கிழங்குக்கு அம்மாவுக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். விரல் நுனியில் ஏறின கறுப்பு மூன்று நாளைக்குப் போகாது. பொங்கலன்று எனக்குப் பரிமாறியது அந்தக் கறுத்த விரல்கள்தான். பார்த்திருக்கிறேன், ஆனால் எழுதவில்லை. மறந்துபோய்விட்டது என்று சொன்னால் அது பொய். கிழங்குக் கறியின் ருசி எழுதுவதற்குத் தோதாக இருந்தது, அந்த ஒன்றரை மணி நேரம் தோதாக இல்லை.

நான் அடுப்படிக்குள் நுழைந்ததே ஆறு வருஷத்துக்கு முன்னால்தான். எனக்கு ஓய்வு வந்துவிட்டது, மனைவிக்கு இன்னும் சர்வீஸ் பாக்கி இருந்தது. அந்த முதல் மார்கழியில் பெருமையாக முருங்கைக்காய் சாம்பார் வைத்தேன். மூன்று காய் 60 ரூபாய். வெந்தும் நார்க்கயிறாகவே இருந்தது. மனைவி ஒரு துண்டை வாயில் போட்டுச் சவைத்துத் தட்டோரம் வைத்துவிட்டு, "பென்சன் வந்துட்டா?" என்று மட்டும் கேட்டாள்.

அதற்கப்புறம்தான் சந்தையில் பலகையைப் பார்க்கப் பழகினேன். 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் முதல் உழவர் சந்தை வந்தது, பிறகு மற்ற ஊர்களுக்கும் வந்தது. திருநெல்வேலியில் எங்களுக்கு மகாராஜ நகர் சந்தை. காலையில் அன்றைய விலையைப் பலகையில் எழுதி வைத்துவிடுவார்கள். நான் என்ன குழம்பு என்று யோசித்துக்கொண்டு போவதை விட்டுவிட்டேன். போன வாரத்தைவிட எந்தக் காய் விலை இறங்கியிருக்கிறதோ அதை முதலில் வாங்குவேன். பருவம் எது என்று தெரிந்துகொள்ள பஞ்சாங்கம் வேண்டாம், இது போதும். உங்கள் பக்கம் பலகை இல்லையென்றால் இன்னொரு அடையாளம் இருக்கிறது. தரையில் கூறு கட்டி விற்கிற அம்மாமார் நாலு பேரிடமும் ஒரே காய் குவிந்திருந்தால் அதுதான் பருவக்காய். வெங்காயத்துக்கும் உருளைக்கிழங்குக்கும் இந்தக் கணக்கு செல்லாது. அவை எங்கிருந்தோ லாரியில் வருகிறவை, நம்மூர் மழைக்கும் வெயிலுக்கும் கட்டுப்பட்டவை இல்லை. அதற்காக வாங்காமல் இருக்க முடியுமா? நான் கேரட், பீன்ஸும் வாங்குகிறேன். இதையெல்லாம் விரதம் மாதிரி எடுத்துக்கொண்டால் வீட்டில் நிம்மதி போய்விடும்.

உங்கள் அவரைக்காய்க்கு வருகிறேன். காயில் தப்பில்லை, கிலோ கணக்கில் வாங்கியதில்தான் தப்பு. பழைய கொடி அவரைக்கு ஒரு குணம் உண்டு, பகல் பொழுது சுருங்கினால்தான் பூக்கும். ஆடிப்பட்டத்தில் விதைத்த கொடி புரட்டாசி வரைக்கும் சும்மா பந்தலேறிக்கொண்டு கிடக்கும். மார்கழி, தையில் எல்லாக் கொடியும் ஒரே நேரத்தில் காய்த்துத் தள்ளும். (வேளாண் பல்கலைக்கழகம் கொண்டுவந்த குத்துச்செடி அவரை எல்லாப் பட்டத்திலும் காய்க்கும். ருசியில் கொடி அவரைதான் ஒரு படி மேலே என்பது என் கட்சி.) மலிவுக்குக் காரணம் இதுதான். ஆனால் அதே மாதத்தில் மொச்சை, பரங்கி, பூசணி, சேனை, முள்ளங்கி, கத்திரி எல்லாமும் வந்து கிடக்கிறதே. கால் கிலோ கால் கிலோவாக நாலு காய் வாங்கியிருந்தால் உங்கள் மகன் டிபன் பாக்ஸைத் திருப்பிக் கொண்டுவந்திருக்க மாட்டான்.

அவரை ஒன்றையே மூன்று விதமாகப் பார்க்கலாம். பிஞ்சாக இருந்தால் பொடியாக நறுக்கி, கடுகு உளுந்து தாளித்து, மூடாமல் வதக்கித் தேங்காய்ப்பூ தூவினால் முடிந்தது. நடுத்தரமாக இருந்தால் பாசிப்பருப்போடு கூட்டு. முற்றிவிட்டால் தோலைத் தூரப் போட்டு விதையை உரித்துக் கத்திரிக்காயோடு புளிக்குழம்பில் போடுங்கள். முற்றின அவரையைப் பொரியல் செய்தால் ஊறுகாய் பாட்டில் பக்கத்தில் வரத்தான் செய்யும். உங்கள் வீட்டுக்காரர் மேல் குற்றமில்லை.

17 சாமான் விஷயம். எங்கள் வீட்டுச் சமையலில் காய் மாறும், வழி மாறாது. பொரியல், கூட்டு, புளிக்குழம்பு, துவையல் இந்த நாலும் கைக்குப் பழகிவிட்டால் சந்தையிலிருந்து எதைக் கொண்டுவந்தாலும் இந்த நாலில் ஒன்றுக்குள் விழுந்துவிடும். பீர்க்கங்காய் வந்தால் சதை கூட்டுக்கு, சீவின தோல் துவையலுக்கு. யூடியூபில் ஒவ்வொரு காய்க்கும் ஒரு புதுப்பெயர் வைத்தால்தான் அவர்கள் பிழைப்பு ஓடும், நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை. தக்காளியைக்கூடச் சொல்கிறேன். 2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டிப் போய், அரசு ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்றது ஞாபகம் இருக்கும். அந்த மாதம் எங்கள் தெருவில் தக்காளி இல்லாமல் குழம்பு எப்படி வைப்பது என்று என்னிடமே கேட்டார்கள். புளி இருக்கிறது, மாங்காய் இருக்கிறது. நம் குழம்புக்குத் தக்காளி பின்னால் வந்த விருந்தாளிதானே.

ஆறே முக்காலுக்கு வீட்டுக்கு வருகிறவருக்கு நான் சொல்லக்கூடியது கூட்டாஞ்சோறு. திருநெல்வேலிக்காரன் வேறு என்ன சொல்வான்! 2 டம்ளர் அரிசி, அரை டம்ளர் துவரம்பருப்பு, 7 டம்ளர் தண்ணீர். வீட்டில் இருக்கிற காய் எல்லாம்: நாலு அவரை, ஒரு கத்திரி, பாதி வாழைக்காய், ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை. அரை மூடித் தேங்காய், ஒரு ஸ்பூன் சீரகம், அஞ்சாறு மிளகாய் வற்றல், எட்டு சின்ன வெங்காயம், கொஞ்சம் மஞ்சள் சேர்த்துக் கொரகொரவென்று அரைத்து, உப்பும் போட்டுக் குக்கரில் ஒன்றாக மூன்று விசில். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம், புளியைக் குக்கரைத் திறந்த பிறகு ஊற்றுங்கள். புளி முந்தி விழுந்துவிட்டால் பருப்பு சரியாகக் குழையாது, காயும் விறைத்தபடியே நிற்கும். நான் இரண்டு தடவை அப்படிக் கெடுத்திருக்கிறேன். புளித்தண்ணீர் விட்டு ஐந்து நிமிஷம் கொதித்ததும் நல்லெண்ணெயில் கடுகு, கறிவேப்பிலை, கூழ்வடகம் இரண்டை நொறுக்கிப் போட்டுத் தாளித்துக் கொட்டினால், குழம்பு தனி, கறி தனி என்று வைக்க வேண்டியதில்லை. தொட்டுக்கொள்ள அப்பளம். உங்கள் மாமியாருக்கும் பல் தேவைப்படாது.

தினமும் மூன்று வகை வைத்தால்தான் சமையல் என்று யாரோ நம் வீடுகளில் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். சாமானைக் குறைப்பதைவிட வகையைக் குறைப்பதுதான் லேசு. திங்களும் வியாழனும் எங்கள் வீட்டில் ஒரே ஒரு குழம்புதான், தொட்டுக்கொள்ளச் சுட்ட அப்பளம். முதலில் மனைவி முகத்தைப் பார்த்தேன். அவளுக்கு ஒரு குறையும் இல்லை. "இத்தனை வருஷம் எனக்கு இது தோணலையே" என்றாள். அதற்கு நான் பதில் சொல்லவில்லை. இத்தனை வருஷம் மூன்று வகை கேட்டவன் நான்தான்.

மிச்ச வேலையைப் பங்கு போடுங்கள். அவரைக்கு நார் உரிப்பது கத்தி வேண்டாத வேலை: நுனியை நகத்தால் கிள்ளி ஒரு இழு, திருப்பி அடுத்த பக்கம் ஒரு இழு. 9 வயதுப் பையன் டிவி பார்த்துக்கொண்டே செய்வான். மொச்சை வாங்கினால் இன்னும் நல்லது. உரித்த பயறை ராத்திரி தண்ணீரில் போட்டுவிட்டால், காலையில் இரண்டு விரலுக்கிடையில் பிதுக்கினதும் பருப்பு தோலைவிட்டுத் துள்ளி ஹால் வரைக்கும் ஓடும். பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் அதைப் பிதுக்குப்பருப்பு என்பார்கள், குழம்பு வைத்தால் அவ்வளவு ருசி. இப்படிச் செய்ய வைத்தால் பையன் காய் சாப்பிடுவான் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். என் மகன் வாரா வாரம் நார் உரித்தான். இப்போது பெங்களூரில் இருக்கிறான், வயது 31, இன்னமும் அவரைக்காய் சாப்பிடுவதில்லை. ஆனால் அத்தனை வருஷம் நார் உரிக்கும் வேலை அவன் அம்மாவுக்கு மிச்சம். உங்கள் வீட்டுக்காரருக்கு ஞாயிற்றுக்கிழமை தேங்காய் துருவி ஃப்ரீசரில் வைக்கிற வேலையும், சின்ன வெங்காயம் அரை கிலோ உரிக்கிற வேலையும் கொடுங்கள். இரண்டும் உட்கார்ந்து செய்கிற வேலைதான். இந்தப் பதிலை அவருக்கும் காட்டலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை.

இந்தப் பொங்கலுக்குச் சிறுகிழங்கு 1 கிலோதான் வாங்கினேன். நானே சாக்கில் போட்டு அடித்தேன், நானே சுரண்டினேன். அம்மா இருந்திருந்தால் பாதித் தோல் அப்படியே இருக்கிறது என்று சொல்லியிருப்பாள். 

முருங்கைக்காய் கேட்டிருந்தீர்கள். மழையில் பூவெல்லாம் உதிர்ந்துவிடுவதால்தான் கார்த்திகை, மார்கழியில் அந்த விலை. இப்போது மாசி பிறந்து நாலு நாள் ஆகிறது. எங்கள் பின்பக்கத்து மரம் முழுக்கப் பூ, கீழே தேனீ இரைச்சல். பங்குனிக்குள் கூறு கூறாக வந்துவிடும். வாங்கும்போது காயை இரண்டு கையாலும் லேசாக முறுக்கிப் பாருங்கள், வளைந்து கொடுத்தால் எடுங்கள். அதுவரைக்கும் கீரை இருக்கிறது.