டூரில் எடுத்த வீடியோவை வீடு வரை கொண்டு சேர்ப்பது: கேள்வி பதில்

தென்காசிப் பக்கம் 26 வருடமாகக் கல்யாண வீடியோ எடுக்கிறேன். கேசட்டில் தொடங்கி இப்போது மெமரி கார்டில் வந்து நிற்கிறேன். கோடை லீவு நெருங்க நெருங்க, "டூர் போகிறோம், ஹேண்டிகேமில் எடுப்பதை வழியிலேயே எப்படிப் பத்திரப்படுத்துவது?" என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி (கோயம்புத்தூர்): அண்ணா, குடும்பத்தோடு 8 நாள் லடாக் போகிறோம். 4கே ஹேண்டிகேம், 64 ஜிபி கார்டு இரண்டு இருக்கின்றன. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வர முடியாது என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். வீட்டில் 1 டிபி ஹார்ட் டிஸ்க் ஒன்று சும்மா கிடக்கிறது. அதையே கொண்டு போகலாமா?

பதில்: லடாக் தவிர வேறு எங்கே என்றாலும் சரி என்றிருப்பேன் அம்மா. ஹார்ட் டிஸ்குக்குள் ஒரு தட்டு சுற்றுகிறது. அதைப் படிக்கும் முனை தட்டைத் தொடுவதில்லை, தட்டு சுழலும்போது எழும் மெல்லிய காற்றின் மேல் மிதக்கிறது. மேலே போகப் போகக் காற்று லேசாகிவிடும். மிதக்க வேண்டிய முனை தாழ்ந்து தட்டை உரசினால் கதை முடிந்தது. சாதாரண டிஸ்குகளை ஓடவிடலாம் என்று கம்பெனிகள் போட்டிருக்கும் உயரம் பெரும்பாலும் 3,000 மீட்டர் சுமார்தான். லே ஊரே 3,500 மீட்டரில் இருக்கிறது. பாங்கோங் ஏரி 4,200க்கு மேல், கர்துங் லா கணவாய் 5,300க்கு மேல். பையில் அணைந்து கிடந்தால் ஒன்றும் ஆகாது. அங்கே வைத்து ஓட்டுவதுதான் வம்பு.

அதனால் எஸ்எஸ்டி, அதாவது சிப்பில் பதியும் டிஸ்க், வாங்குங்கள். அதில் சுற்றுகிற பாகமே கிடையாது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக, 60 கிராமுக்குள் கிடைக்கிறது. எவ்வளவு கொள்ளளவு என்பதற்கு ஒரு கணக்கு: உங்கள் கேமரா 4கேயில் 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்) வேகத்தில் பதிந்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. 60 எம்பிபிஎஸ் என்று மெனுவில் மாற்றினால் 27 ஜிபி. டூர் வீடியோவை டிவியில் பார்க்கப் போகிறவர்களுக்கு 60 போதும், நான் மாற்றித்தான் வைப்பேன். 100லேயே எடுத்தாலும், தினம் ஒரு மணி நேரம் என்றால் 8 நாளைக்கு 360 ஜிபி. 500 ஜிபி எஸ்எஸ்டி தாராளம்.

லேப்டாப் வேண்டாம், போன் போதும். கார்டு சொருகும் இடமும் யுஎஸ்பி ஓட்டையும் சார்ஜர் ஓட்டையும் உள்ள டைப்-சி ஹப் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அதில் கார்டு ஒரு பக்கம், எஸ்எஸ்டி ஒரு பக்கம், சார்ஜர் ஓட்டையில் பவர் பேங்க். போனில் இருக்கும் ஃபைல்ஸ் ஆப்பைத் திறந்து, கார்டில் உள்ளதை அப்படியே எஸ்எஸ்டிக்குக் காப்பி செய்யலாம். எஸ்எஸ்டியை வீட்டிலேயே எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்துவிடுங்கள். பழைய ஃபேட்32 முறையில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஃபைல் ஏறாது. என்டிஎஃப்எஸ் என்றால் பல ஆண்ட்ராய்டு போன்கள் அதில் எழுதாது.

நேரமும் பாருங்கள். போனில் பழைய யுஎஸ்பி 2 இருந்தால், படிப்பதும் எழுதுவதும் ஒரே வழியில் என்பதால், 45 ஜிபி ஏற முக்கால் மணி நேரம்கூட ஆகலாம். யுஎஸ்பி 3 என்றால் 10 நிமிடத்தில் முடியும். பாங்கோங் கூடாரங்களில் ஜெனரேட்டர் கரண்ட் சாயங்காலம் சில மணி நேரம்தான் இருக்கும். கை கால் கழுவப் போகும் முன்பே கேமரா பேட்டரி, பவர் பேங்க் எல்லாவற்றையும் சொருகிவிடுங்கள். ராத்திரி பேட்டரிகள் உங்களோடு கம்பளிக்குள் தூங்கட்டும், குளிரில் சார்ஜ் சட்டென்று இறங்கிவிடும்.

நெட்டில் ஏற்றிக்கொள்ளலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். நம் ஊர் ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டுதான்.

கேள்வி (திருச்சி): சார், போன், ஹப் எல்லாம் எதற்கு? கேமராவிலிருந்தே நேராக டிஸ்குக்கு அனுப்ப முடியாதா?

பதில்: சில சோனி, பானாசோனிக், கேனான் ஹேண்டிகேம்களில் முடியும். அதற்கென்று தனிக் கேபிள் தேவைப்படலாம், மேனுவலைப் பாருங்கள். ஆனால் சில கேமராக்கள் டிஸ்கை முதல் தடவை சொருகியதும் "ஃபார்மேட் செய்யவா?" என்று கேட்கும். ஆமாம் என்றால் டிஸ்கில் ஏற்கெனவே இருந்த கல்யாண போட்டோ எல்லாம் போய்விடும். காலி டிஸ்க் என்றால் மட்டும் இந்த வழி.

கேள்வி (ஈரோடு): மகள் நடன அரங்கேற்றத்தை ஏவிசிஎச்டியில் (எச்டி ஹேண்டிகேம்கள் வீடியோ பதியும் ஒரு முறை) எடுத்தேன். கார்டில் இருந்த எம்டிஎஸ் என்ற வீடியோ ஃபைல்களை மட்டும் பென் டிரைவில் போட்டேன். 20 நிமிட நடனம் மூன்று துண்டாக வந்திருக்கிறது. ஒவ்வொரு துண்டும் சேரும் இடத்தில் பாட்டு ஒரு கணம் அறுகிறது. கேமரா கோளாறா?

பதில்: கேமரா மேல் குற்றமில்லை. நீளமான பதிவைக் கேமரா 2 அல்லது 4 ஜிபிக்கு ஒரு துண்டாக வெட்டித்தான் எழுதும். எந்தத் துண்டுக்குப் பின் எது, எங்கே ஒட்ட வேண்டும் என்கிற குறிப்பு அதே கார்டில் வேறு ஃபோல்டர்களில் இருக்கும். நீங்கள் பூவை எடுத்துக்கொண்டு நாரை விட்டுவிட்டு வந்துவிட்டீர்கள்.

கார்டைத் திறந்தால் 'பிரைவேட்', அதற்குள் 'ஏவிசிஎச்டி', அதற்குள் 'பிடிஎம்வி', அதற்குள் 'ஸ்ட்ரீம்' என்று போய்க்கொண்டே இருக்கும். உள்ளே நுழையவே நுழையாதீர்கள். மேலே இருந்து மொத்தக் கார்டையும் அள்ளிக்கொள்ளுங்கள். அப்புறம் வீட்டில் கேமராவோடு தந்த மென்பொருளிலோ எடிட்டிங் மென்பொருளிலோ அந்தக் குறிப்போடு திறந்தால் அறுபடாமல் ஒரே ஓட்டமாக வரும். உங்கள் கார்டில் அந்தப் பதிவு இன்னும் அழியாமல் இருந்தால் இன்றைக்கே மறுபடி காப்பி எடுங்கள்.

இதையொட்டி இன்னொன்று. கார்டை ஃபார்மேட் செய்தால் பல கேமராக்களில் ஃபைல் எண் மறுபடி 00000 என்று ஆரம்பிக்கும். எனக்கே நடந்தது. கொடைக்கானலில் இரண்டாம் நாள் ராத்திரி, பாதித் தூக்கத்தில், முதல் நாள் காப்பி இருந்த அதே ஃபோல்டரில் புதுக் கார்டைக் கொட்டினேன். "இதே பெயரில் ஃபைல் இருக்கிறது, மாற்றவா?" என்று லேப்டாப் கேட்டது. கேட்கத்தான் செய்தது! நான்தான் ஆமாம் என்று தட்டினேன். முதல் நாள் ஏரியில் அம்மா படகில் உட்கார்ந்து பயந்து சிரித்தது 00000 முதல் 00007 வரை இருந்தது. அதன் மேலேயே வட்டக்கானல் பாறை ஏறிக்கொண்டது. அதிலிருந்து "மே12-கார்டு1", "மே12-கார்டு2" என்று நாளுக்கும் கார்டுக்கும் தனி ஃபோல்டர் போடாமல் காப்பி பொத்தானைத் தொடுவதே இல்லை.

கேள்வி (விருதுநகர்): காப்பி ஏறியதும் கார்டை அழித்துவிட்டு மறுபடி பயன்படுத்தலாமா?

பதில்: முடிந்தவரை வேண்டாம். ரயில், தங்கல், சாப்பாடு என்று டூருக்கு ஆகிற செலவில் கூடுதல் கார்டு எவ்வளவு வரப்போகிறது? நிறைந்த கார்டின் பக்கவாட்டுப் பூட்டைக் கீழே தள்ளி, மேலே மார்க்கரில் எண் போட்டு ஒதுக்கிவிடுங்கள். வீடு திரும்பும் வரை அதுவும் ஒரு பிரதி.

அழித்தே ஆகவேண்டிய நிலை வந்தால் முதலில் இரண்டு இடத்தில் காப்பி வேண்டும். ஃபைல் எண்ணிக்கையும் மொத்த அளவும் கார்டோடு ஒத்துப்போக வேண்டும். அது மட்டும் போதாது. கார்டைக் கழற்றிவிட்டு, காப்பியிலிருந்து முதல், நடு, கடைசி என்று மூன்று வீடியோவையாவது ஓட்டிப் பாருங்கள். கார்டு சொருகியிருக்கும்போது பார்த்தால் எதை ஓட்டுகிறோம் என்றே தெரியாமல் கார்டில் இருப்பதையே பார்த்துத் திருப்திப்பட்டுவிடுவோம். விண்டோஸ் லேப்டாப் இருந்தால் டெராகாப்பி என்ற மென்பொருள் காப்பி முடிந்ததும் இரண்டையும் ஒப்பிட்டுச் சொல்லும். ஃபார்மேட்டைக் கேமராவிலேயே செய்யுங்கள். காலையில், காப்பி குடித்த பிறகு. (குடிக்கிற காப்பியைத்தான் சொல்கிறேன்.)

கேள்வி (நாகர்கோவில்): காசிக்குப் போகிறோம். ரயிலில் இரண்டு இரவு. எஸ்எஸ்டி, கேமரா, கார்டு எல்லாம் ஒரே கேமரா பையில் அழகாக அடங்கிவிடுகின்றன. போதும்தானே?

பதில்: அழகாக அடங்குவதுதான் ஆபத்து. என்னிடம் அழுதுகொண்டு வந்த குடும்பம் ஒன்று உண்டு. தினமும் ராத்திரி ஒழுங்காகக் காப்பி எடுத்திருக்கிறார்கள். திரும்பும் ரயிலில் விடியற்காலையில் பார்த்தால் பையைக் காணோம். கேமராவும் போயிற்று, பேக்கப்பும் போயிற்று. திருடனிடம் இரண்டு பிரதி பத்திரமாக இருக்கும்!

எஸ்எஸ்டி வீட்டம்மாவின் கைப்பையில், நிறைந்த கார்டுகள் உங்கள் இடுப்புப் பையில், கேமரா தனியே. வேறு கோச்சில் சொந்தக்காரர் வந்தால் இன்னும் நல்லது. காசியில் கோயிலுக்குள் போகும்போது கேமராவையும் போனையும் வெளியே லாக்கரில் வைக்கச் சொல்வார்கள். அந்த நேரம் எஸ்எஸ்டி அறையில் இருக்கட்டும், லாக்கருக்கு வர வேண்டாம்.

கேள்வி (டொராண்டோ): வணக்கம் அண்ணை. நல்லூர்த் திருவிழா 25 நாளும் யாழ்ப்பாணத்தில் நிற்கப் போகிறேன். தினமும் இரண்டு மணித்தியாலம் எடுப்பேன். கேமரா பழைய ஏவிசிஎச்டி. மாமி வீட்டில் வைஃபை இருக்கிறது. எல்லாவற்றையும் இணையத்தில் ஏற்றலாமா?

பதில்: கணக்குப் போட்டுப் பார்ப்போம் தம்பி. 17 எம்பிபிஎஸ் தரத்தில் மணிக்கு ஏறக்குறைய 7.7 ஜிபி. ஒரு நாளைக்கு 15, 25 நாளைக்கு 380 ஜிபிக்கு மேல். வைஃபையில் மேலே ஏற்றும் வேகம் 5 எம்பிபிஎஸ் என்று வைத்தால் ஒரு நாள் பதிவு ஏறவே ஏழு மணி நேரம் பிடிக்கும். விடிய விடிய ஓடவிட்டு, நடுவில் கரண்ட் போகாமல் இருந்தால் சரிதான். ஆனால் மாமி வீட்டு டேட்டா கணக்கு என்னாகும்?

உங்களுக்கு இணையத்தைவிட நல்ல வசதி ஒன்று இருக்கிறது, அது மாமி வீடுதான். 500 ஜிபி டிஸ்க் இரண்டு வாங்குங்கள். யாழ்ப்பாணம் சமதரை, அதனால் சாதாரண ஹார்ட் டிஸ்கே போதும். தினமும் இரண்டிலும் காப்பி. ஒன்று உங்களோடு விமானம் ஏறட்டும், மற்றது மாமியின் அலுமாரியில் இருக்கட்டும். டொராண்டோவில் எல்லாம் ஓடுகிறது என்று பார்த்துச் சொன்ன பிறகு அவர் அதை அழித்துக்கொள்ளலாம். தேர், தீர்த்தம் இரண்டு நாளை மட்டும் இணையத்திலும் ஏற்றுங்கள்.

கேள்வி (சிங்கப்பூர்): விமான நிலைய எக்ஸ்ரேயில் கார்டு அழிந்துவிடுமா?

பதில்: அழியாது. கார்டு, எஸ்எஸ்டி, டேப் எதற்கும் ஒன்றும் ஆகாது. அந்தப் பயம் ஃபிலிம் ரோலுக்கு உரியது. பவர் பேங்கை மட்டும் கைப்பையில் வையுங்கள், செக்-இன் பெட்டியில் போடக் கூடாது. வரம்பு 100 வாட் அவர். 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் 74 வாட் அவர்தான் வரும்.

கேள்வி (பரமக்குடி): ராமேஸ்வரத்தில் அக்னி தீர்த்தத்தில் முழுக்குப் போட்டேன். சட்டைப் பையில் கார்டு இருந்ததை மறந்துவிட்டேன். போச்சா?

பதில்: பெரும்பாலும் பிழைத்துவிடும். அது கடல் தண்ணீர், உப்புதான் எதிரி. நல்ல தண்ணீரில் ஒரு தடவை அலசி, துணியில் ஒற்றி, நிழலில் ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். ஈரத்தோடு கேமராவில் சொருகாதீர்கள், ஹேர் டிரையரும் வேண்டாம். பித்தளை நிறக் கோடுகளில் வெள்ளைப் பூப்பு இல்லாமல் இருந்தால் சொருகி, முதல் வேலையாகக் காப்பி எடுங்கள். எடுத்தபின் அந்தக் கார்டுக்கு ஓய்வு கொடுத்துவிடுங்கள்.

கேள்வி (திருச்செந்தூர்): பையன் கை பட்டு கார்டு ஃபார்மேட் ஆகிவிட்டது. டூர் இன்னும் மூன்று நாள் இருக்கிறது.

பதில்: அந்தக் கார்டில் இனி ஒரு நொடிகூட எடுக்காதீர்கள். பூட்டைத் தள்ளி எடுத்து வையுங்கள், வேறு கார்டு வாங்கி டூரைத் தொடருங்கள். வீட்டுக்கு வந்ததும் ஃபோட்டோரெக் அல்லது ரெகுவா என்ற இலவச மென்பொருளில் தேடலாம். மீட்டதை அதே கார்டில் எழுதாமல் கம்ப்யூட்டரில் சேமியுங்கள். நீள வீடியோக்கள் முழுசாக வராமலும் போகலாம், ஆனாலும் முயற்சி செய்யாமல் விடாதீர்கள்.

கேள்வி (சேலம், ஓய்வுபெற்ற ஆசிரியர்): என்னிடம் இன்னும் மினிடிவி (MiniDV) டேப் கேமராதான்.

பதில்: ஐயா, வழியில் உங்களுக்குக் காப்பி வேலையே இல்லை. ஒவ்வொரு டேப்பும் முடிந்ததும் அதன் ஓரத்தில் இருக்கும் சிறு பூட்டை 'சேவ்' பக்கம் தள்ளிவிடுங்கள், மேலே பதிவு ஏறாது. ஊருக்கு வந்து கம்ப்யூட்டரில் ஏற்ற ஃபயர்வயர் (டேப் கேமராவைச் சேர்க்கும் பழைய இணைப்பு) ஓட்டை உள்ள பழைய கம்ப்யூட்டர் ஒன்றைத் தேட வேண்டும். ஒரு மணி நேர டேப் ஏற ஒரு மணி நேரம், 13 ஜிபி இடம்.

கேள்வி (அதே கோயம்புத்தூர்): அண்ணா, நீங்கள் சொன்னபடி எல்லாம் வாங்கி வீட்டிலேயே ஒத்திகை பார்த்தோம். ஹப்பில் விளக்கு எரிகிறது, ஆனால் போன் எஸ்எஸ்டியைக் காட்டவே மாட்டேன் என்கிறது. நேற்று ஒரு தடவை காட்டியது!

பதில்: ஊரிலேயே பார்த்தீர்களே, நல்லது. ஒப்போ, விவோ, ஒன்பிளஸ், ரியல்மி போன்களில் செட்டிங்ஸில் 'ஓடிஜி' என்று தேடிப் பாருங்கள், அதை ஆன் செய்தால்தான் வெளி டிஸ்க் தெரியும். சும்மா இருந்தால் 10 நிமிடத்தில் அதுவே ஆஃப் ஆகிவிடும், நேற்றுக் காட்டி இன்று காட்டாததற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு ராத்திரியும் முதலில் அதை ஆன் செய்துவிட்டு ஹப்பைச் சொருகுங்கள். காப்பி முடியும் வரை போனை யார் கையிலும் கொடுக்காதீர்கள், குறிப்பாகக் கேம் விளையாடுகிற பிள்ளைகளிடம்.